சேந்தமங்கலம்: பழைய குருமடமும் யூதத் தொழுகைக்கூட அருங்காட்சியகமும்



மாத்தூர், மணலி, திருவொற்றியூர் பகுதிகளிலிருந்து நாம் சாந்தோமுக்கும் பரங்கிமலைக்கும் திருப்பயணம் செல்கிறோம். புனித தோமையார் கி.பி. 52-ல் கரையிறங்கியதாக மரபு கூறும் கொடுங்கல்லூருக்குச் செல்வோரும் உண்டு. அங்கு செல்பவர்கள் அருகிலுள்ள சேந்தமங்கலத்தையும் பார்த்து வரலாம். தோமையாரும் ஒரு யூதரே என்பதை நாம் மறந்துவிடுகிறோம். இவ்வூர் அதை நினைவூட்டும்.

அமைவிடம்

இது நாமக்கல் அருகே உள்ள சேந்தமங்கலம் அல்ல; கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டத்தில் வடக்கு பரவூரை அடுத்துள்ள ஊர். சென்னை சென்ட்ரலிலிருந்து ரயிலில் சென்று ஆலுவாவில் இறங்கி, பேருந்தில் வடக்கு பரவூர் சேர்ந்து, அங்கிருந்து ஆட்டோவில் செல்லலாம். 'கோட்டையில் கோவிலகம்' என்று கேட்க வேண்டும். ஆலயம், கோயில், பள்ளிவாசல், யூதத் தொழுகைக்கூடம் நான்கும் அங்கு அருகருகே உள்ளன.

வைப்பின்கோட்டைக் குருமடம்

தோமா கிறிஸ்தவர்களின் வழிபாட்டு மொழி சிரியாக். இலத்தீன் மட்டும் பயின்ற குருக்களை அவர்கள் ஏற்கவில்லை. எனவே இயேசு சபையினர் 1580-களில் சிரியாக் கற்பிக்கும் குருமடத்தை இங்கு நடத்தினர். அங்கு ஆசிரியராக இருந்த பிரான்சிஸ் ரோஸ் பின்னர் அங்கமாலி ஆயரானார். இன்று சிதைந்த சுவர்களே எஞ்சியுள்ளன.

தொழுகைக்கூடம்

வெளியே நிற்கும் கல்லறைக் கல்லைத் தவறவிடாதீர்கள். 1269-ல் இறந்த 'இஸ்ரயேலின் மகள் சாரா' என்ற பெண்ணுடையது அது. இந்தியாவில் கிடைத்துள்ள எபிரேயக் கல்லறைக் கற்களில் இதுவே மிகப் பழமையானது. உள்ளே, நடுவிலுள்ள வாசிப்பு மேடையைத் தவிர மாடியிலும் ஒரு மேடை உண்டு. இது கேரளத் தொழுகைக்கூடங்களின் தனிச்சிறப்பு. இங்கிருந்த யூதர்கள் 1950-களில் பெரும்பாலும் இஸ்ரயேலுக்குக் குடிபெயர்ந்தனர். பழுதுபார்க்கப்பட்ட கட்டடத்தில் 2006-ல் கண்காட்சி திறக்கப்பட்டது.

பார்வையாளர்கள் கவனத்திற்கு

- திங்கட்கிழமை செல்வதைத் தவிர்க்கவும். நேரமும் கட்டணமும் மாறக்கூடும் என்பதால் முன்கூட்டியே கேட்டறியவும்.
- வடக்கு பரவூரிலும் யூத அருங்காட்சியகம் உள்ளது. இரண்டையும் ஒரே நாளில் பார்க்கலாம்.
- 1568-ல் கட்டப்பட்ட மட்டாஞ்சேரி தொழுகைக்கூடத்துக்கும் செல்வதாயின் சனிக்கிழமையைத் தவிர்க்கவும். அது யூதரின் ஓய்வுநாள். அங்கு காலணிகளைக் கழற்ற வேண்டும்.
- மக்கள் செபித்த இடம் என்ற மரியாதையுடன் நடந்துகொள்ளவும்.

சிந்தனைக்கு

குருமடத்திலிருந்து தொழுகைக்கூடத்துக்குச் சில நிமிட நடைதான். ஆனால் அந்தத் தூரத்தைக் கடக்கத் திருச்சபைக்கு ஏறத்தாழ 400 ஆண்டுகள் ஆயின. குருமடம் இயங்கிய அதே காலத்தில், கோவாவில் திருச்சபையின் பெயரால் நடந்த விசாரணை மன்றம் யூத மரபில் வந்த கிறிஸ்தவர்களை வதைத்தது. கேரள யூதருக்கு அடைக்கலம் தந்தவர் கொச்சியின் இந்து அரசர்.

திருத்தந்தை இருபத்துமூன்றாம் யோவான், பெரிய வெள்ளி மன்றாட்டில் யூதரைப் புண்படுத்திய சொல்லை 1959-ல் நீக்கினார். இயேசுவின் பாடுகளுக்கு அன்றைய யூதர் அனைவரையுமோ இன்றைய யூதரையோ பொறுப்பாக்கக் கூடாது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-ல் தெளிவாக அறிவித்தது. 1986 பிப்ரவரியில் நம் சென்னைக்கு வந்த திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், அதே ஆண்டு ஏப்ரலில் உரோமைத் தொழுகைக்கூடத்துக்குச் சென்று யூதர்களை மூத்த சகோதரர்கள் என்றார்.

நம் பங்குகளிலோ பழைய வழக்கம் முழுவதும் மாறவில்லை. பாஸ்கா நாடகத்தில் சாட்டையால் அடிக்கும் உரோமை வீரரைக்கூட 'யூதன்' என்று சொல்வோர் உண்டு. நானும் என் தொடக்ககால மறையுரைகளில் யோசிக்காமல் அப்படிப் பேசியவன்தான். இயேசு யூதர், அன்னை மரியா யூதப் பெண். நாம் ஒட்டப்பட்ட கிளைகளே என்று புனித பவுல் உரோமையர் 11-ஆம் அதிகாரத்தில் எச்சரிக்கிறார்.

சாராவின் கல்லறை முன் நின்று ஒரு நிமிடம் அமைதியாகச் செபியுங்கள். அடுத்த தவக்காலத்தில் 'யூதர்' என்ற சொல்லை நாம் எப்படிப் பயன்படுத்துகிறோம் என்பதே அச்செபத்தின் பலன். இறைவன் உங்கள் பயணத்தை ஆசீர்வதிப்பாராக.