கொழுந்து பறிக்கும் பெண் (ஓவியத்தில்)

இலங்கை மலையகத்தைக் காட்டும் படங்களில் மிகுதியாக வரையப்பட்ட மனித உருவம். பதுளை, பசறை, ஹாலிஎல, பண்டாரவளை, அப்புத்தளை எனப் பரந்த ஊவாத் தோட்டங்களுக்கும் இவளே முகமாக நிற்கிறாள்.

இந்த உருவத்தை உலகெங்கும் கொண்டுசென்றது விளம்பரம். 1890இல் தோமஸ் லிப்டன் இலங்கைக்கு வந்து, அப்புத்தளைப் பக்கத்து தம்பேதென்ன உள்ளிட்ட தோட்டங்களை வாங்கினார். தோட்டத்திலிருந்து நேரே தேநீர்க் கெண்டிக்கு என்ற அவருடைய வாசகத்தோடு தமிழ்ப் பெண்ணின் படமும் சேர்ந்து போனது. அன்று பழகிய ரசனை பின்னாளிலும் மாறவில்லை: பச்சை மலை, மடிப்புக் கலையாத சேலை, நகை, சிரிப்பு. 1990களில் புழங்கிய நூறு ரூபாய்த் தாளின் பின்பக்கத்திலும் கொழுந்து பறிக்கும் பெண்கள் இருந்தார்கள்.

அழகு குற்றமல்ல. அழகுக்காக வேலையை அழித்துவிடுவதுதான் குற்றம். கூடையின் கயிறு உச்சந்தலையில் அழுந்தும். அந்தப் பாரத்துக்குக் கழுத்து முன்னே நீளும். இடுப்பில் சேலைக்கு மேல் படங்கு கட்டியிருக்கும். செடியின் வாது கிழிக்காமலிருக்கவும் பனியீரம் ஏறாமலிருக்கவும் அது வேண்டும். கொழுந்துச் சாறு ஏறி விரல் நுனிகள் கறுத்திருக்கும். பல தோட்டங்களில் ஒரு பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், முழுதாக விழ 16, 18 கிலோ நிறுக்க வேண்டும். அட்டைக்கும் சரிவுக்கும் நடுவே அத்தனை கிலோ பறிக்கிற உடம்பு, படத்துக்காக நிற்கிற உடம்பைப் போல நிமிர்ந்து நிற்காது.

தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் காம்பராவின் சுவரில் இவள் படம் மாட்டப்படுவது அரிது. அங்கே மாரியம்மனும் முருகனும் லட்சுமியும் காலண்டரில் இருப்பார்கள். கோவில்பட்டி சி. கொண்டையராஜுவும் (1898–1976) அவருடைய மாணவர்களும் வகுத்த பாணி அது. அதை மலிவான ரசனை என்று ஒதுக்குவது தவறு. நாள்முழுதும் மலையில் நின்றவர்கள், கன்னம் மினுங்கி நிறைவோடு அமர்ந்த ஒரு முகத்தைத் தேடுவதில் நியாயம் இருக்கிறது.

மலையகச் சமூகத்திலிருந்தே ஓவியர்கள் வந்தபோது இந்த உருவம் வேறாகியது. ஹனுஷா சோமசுந்தரம் தேநீர்ப் பைகளையும் வடிகளையுமே தம் கலைக்குப் பொருள்களாக எடுத்துக்கொண்டார். பிறர் குடித்து முடித்து எறிகிற பொருளில், அதைப் பறித்தவர்களின் வாழ்வு இடம்பெறுகிறது. சாயக்கறை இங்கே வண்ணமாகவும் சாட்சியாகவும் நிற்கிறது. இத்தகைய படைப்புகளைப் பார்த்து, மலையகம் இவ்வளவு சோகமா, கொஞ்சம் அழகாக வரையக் கூடாதா என்று கேட்பவர்கள் உண்டு. மலையைத் தேயிலைப் பெட்டியின் மேல் மட்டுமே பார்த்துப் பழகிய கண்ணின் கேள்வி அது.

ஊவாத் தேயிலையின் தரத்தை ருசி பார்த்துச் சொல்லப் பயிற்சி பெற்றவர்கள் கொழும்பில் இருக்கிறார்கள். அதுபோல, கொழுந்து பறிக்கும் பெண்ணை வரைந்த ஓவியங்களைப் பதுளையில் ஒரு பாடசாலை மண்டபத்தில் மாட்டினால், எந்தக் கழுத்து சரியாகச் சாய்ந்திருக்கிறது, எந்தக் கை பொய் என்று ஒரே பார்வையில் சொல்லக்கூடியவர்கள், அந்திக் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்து பார்ப்பார்கள்.