பெயர் சுமந்த எண்கள்

பேராக் மாநிலத்து ரப்பர்த் தோட்டங்களில் பால் நிறுக்கும் வேளையில், கிராணியார் ஏட்டில் வெறும் எண்ணை மட்டும் எழுதியதில்லை. பெயர், நாள், நிறை என்னும் தலைப்புகளின் கீழேயே அதனைப் பதிந்தார். தலைப்பில்லா எண்ணைக் கொண்டு எவருக்கும் கூலி வழங்க இயலாது.

கணினி அறிவியலாரும் இவ்வுண்மையைப் பட்டறிந்தே உணர்ந்தனர். வானிலையையும் கடலையும் கணினியில் போலச்செய்து பார்க்கும் ஆய்வுகள் கோடிக்கணக்கான எண்களை ஈன்றன. ஒரு கணினி எண்ணின் பைட்டுகளை அடுக்கிய வரிசை மற்றொன்றுக்குத் தலைகீழாயிற்று. எழுதியவர் விலகியபின் அவ்வெண்கள் ஊமையாயின.

இக்குறை நீக்க, அமெரிக்காவின் இல்லினாய்ப் பல்கலைக்கழக மீக்கணினி மையம் 1987இல் எச்.டி.எஃப். அமைப்பை உருவாக்கத் தொடங்கியது. அக்காலத்திலேயே கொலராடோவின் யூனிடேட்டா, நெட்சிடிஎஃப் அமைப்பை ஆக்கியது. இவற்றில் எண்தொகுதி தன் பெயரையும் அலகையும் தானே சுமந்து செல்கிறது. 1998இல் எச்.டி.எஃப்.5 வெளிவந்தது, 2008இல் நெட்சிடிஎஃப்-4 அதனையே அடித்தளமாகக் கொண்டது.

அடித்தளம் பிசகினால் மேல்மாடம் நில்லாது. எச்.டி.எஃப்.5 நிரலகம் தனிக் கணினிக்கு ஒருவகையாகவும், பல செயலிகள் கூடி உழைக்கும் மீக்கணினிக்கு வேறுவகையாகவும் ஆக்கப்படுகிறது. இரண்டையும் கலந்தால் ஆய்வே தடைப்படும். ஆதலின், 1993இல் தோன்றிய டெபியன் போன்ற அமைப்புகளின் தொண்டர்கள், எதற்கு எது துணை என்பதைக் குறித்து, நிரல்களைப் பொதிகளாகக் கட்டி வழங்குகின்றனர்.

துண்டாடப்பட்ட தோட்டத்தின் பழைய ஏடொன்று இன்று கிடைப்பினும், அதில் உழைத்தவர் யார் என அறியலாம். கிராணியார் இட்ட தலைப்பே அதற்குக் காரணம்.