ஆமூர் மற்போரும் அதைக் காத்த கைகளும்

மற்போர் சிறுபொழுதில் முடிந்துவிடும் ஒன்று. ஒருவன் வீழ்வான், ஒருவன் நிற்பான், கூடிய ஊர் கலைந்து போகும். மறுநாள் அக்களத்தில் புழுதியன்றி வேறொன்றும் எஞ்சாது. ஆயினும், ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் நிகழ்ந்த ஒரு மற்போரை இன்றும் நாம் கண்முன் காண்கிறோம். புறநானூற்றின் 80 முதல் 85 வரையுள்ள ஆறு பாடல்கள் அதனைக் காட்டுகின்றன. அப்போர் நம் கைக்கு எவ்வாறு வந்து சேர்ந்தது என்பதை எண்ணிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

களத்தில் நின்றோர்

முதல் மூன்று பாடல்களைப் பாடியவர் சாத்தந்தையார். முக்காவனாட்டு ஆமூர் மல்லனைப் பொருது வீழ்த்தியவன் சோழன் போரவைக்கோப் பெருநற்கிள்ளி. இப்பெயர் போர்வைக்கோ என்றும் வழங்குகிறது. ஒரு காலை மல்லனின் மார்பில் ஊன்றி, மறு காலால் அவன் சூழ்ச்சியைத் தடுத்து, பசித்த யானை மூங்கிலை முறிப்பதுபோல் மோதிய காட்சியைப் புலவர் வரைகிறார். உடனே அவருக்குத் தித்தனின் நினைவு வருகிறது. மகிழ்ந்தாலும் மகிழாவிட்டாலும் தித்தன் இதைக் காணவேண்டும் என்கிறார். தித்தன் கிள்ளியின் தந்தை என்றும், இருவருக்கும் பிணக்கு இருந்தது என்றும் அறிஞர் கொள்வர். அடுத்த பாடலில், இவன் கையில் அகப்பட்டோர் யாரோ, இரங்கத்தக்கவர் என்று தோற்பவர் பக்கமும் அவர் நெஞ்சு சாய்கிறது.

மூன்றாம் பாடலின் உவமை தனித்துக் கருதத்தக்கது. ஊரில் விழா தொடங்கிவிட்டது, வீட்டில் மனைவி மகப்பேற்று நோவில் இருக்கிறாள், மழை பெய்கிறது, பொழுதும் சாய்கிறது. அந்நேரத்தில் கட்டில் பின்னும் தொழிலாளியின் கையிலுள்ள ஊசி எவ்வளவு விரையுமோ, அவ்வளவு விரைந்தது கிள்ளியின் போர். அத்தொழிலாளியைப் பாடல் இழிந்த சொல்லாலேயே சுட்டுகிறது. எனினும், அரசகுமரனின் வீரத்தை அளக்க அவன் கையைவிடச் சிறந்த அளவுகோல் புலவர்க்குக் கிட்டவில்லை.

பனையின் கீழ் ஒரு பெண்

எஞ்சிய மூன்று பாடல்களும் பெருங்கோழி நாய்கன் மகள் நக்கண்ணையார் பாடியவை. கோழி என்பது உறையூர். நாய்கன் என்பது வணிகன். கூழுண்டும் பருத்த தோளினனாய் அவன் இருக்க, வீட்டின் புறத்தே இருந்தும் தான் பொன்னிறப் பசலை பூத்ததாக அவர் கூறுகிறார். தாய்க்கு அஞ்சுகிறார்; அவைக்கு நாணுகிறார். அவனுக்கு இது சொந்த ஊரன்று, சொந்த நாடுமன்று. ஆகவே வெற்றி என்பார் ஒரு சாரார், வெற்றியன்று என்பார் மற்றொரு சாரார். அவரோ சிலம்பு ஒலிக்க ஓடிச்சென்று, தம் வீட்டுப் பனைமரத்தைச் சார்ந்து நின்று, அவன் வென்றதைத் தம் கண்ணால் கண்டார்.

இப்பாடல்களை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் இவ்விடத்தில் என் குரல் சற்றே தாழ்ந்துவிடும். ஊர் இரண்டுபட்டு நிற்கையில், தான் கண்டதைக் கண்டேன் என்று சொன்ன ஒரு பெண்ணின் சான்று அது.

தொகுத்தாரும் தொகுப்பித்தாரும்

நக்கண்ணையார் தம் பாடல்களில் தலைவன் பெயரைச் சொல்லவில்லை. பாடல்களின் அடிக்குறிப்புகளே அவன் இன்னான் என்று நமக்கு அறிவிக்கின்றன. ஐங்குறுநூற்றைத் தொகுத்தவர் கூடலூர் கிழார் என்றும், தொகுப்பித்தவன் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை என்றும் அறிகிறோம். புறநானூற்றுக்கோ தொகுத்தார் பெயருமில்லை, தொகுப்பித்தார் பெயருமில்லை. எத்தனையோ வள்ளல்களின் பெயரைக் காத்துத் தந்த நூல், தன்னைக் காத்தவர் பெயரை இழந்து நிற்கிறது.

பின்னர் அது ஏட்டில் உறங்கியது. நானூறு பாடல்களுள் 267, 268 ஆகிய இரண்டும் மறைந்தன. பழைய உரையும் 266ஆம் பாடலோடு நின்றுவிட்டது. செல்லின் வாய் இன்னும் சிறிது முன்னே சென்றிருந்தால் பனையின் கீழ் நின்ற பெண்ணையும் நாம் அறிந்திருக்க மாட்டோம்.

1880இல் கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியரான உ. வே. சாமிநாதையரைச் சங்க நூல்களின் பக்கம் திருப்பியவர், அவ்வூருக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசுவாமி முதலியார். சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று அவர் தொடுத்த வினாவே ஒரு வாழ்நாள் பணிக்கு வித்தாயிற்று. ஐயரை ஆதரித்து, மடத்தின் ஏட்டுச் செல்வத்தை அவருக்குத் திறந்துவிட்டவர் திருவாவடுதுறை ஆதீனம் சுப்பிரமணிய தேசிகர். 1887இல் சிந்தாமணி அச்சேறிய காலத்தில், நூலை வாங்கிக்கொள்வதாகக் கையொப்பமிட்டு உதவிய அன்பர்களும் பலர்.

புறநானூறு பழைய உரையுடன் வெளிவந்தது 1894இல். தேசிகர் 1888இலும், முதலியார் 1892இலும் மறைந்துவிட்டனர். தாம் நீர் வார்த்த மரத்தின் இக்கனியை அவ்விருவருமே காணவில்லை. பின்னர் 1901இல் மதுரையில் நான்காம் தமிழ்ச்சங்கம் நிறுவிய பாலவனத்தம் பாண்டித்துரைத் தேவர், அவ்வள்ளன்மை மரபைத் தொடர்ந்தார்.

வென்றவர் யார்?

மாணவியர் என்னைக் கேட்பதுண்டு: "தோற்ற மல்லனின் பெயர் என்ன, அம்மா?" பாடலிலும் இல்லை, அடிக்குறிப்பிலும் இல்லை, ஊர்ப்பெயர் மட்டுமே உண்டு. கட்டில் பின்னியவன் பெயருமில்லை, ஏடெழுதியோர் பெயருமில்லை. வரலாறு வென்றவனையும் பாடியவரையும் நினைவில் வைக்கிறது. பதிப்பித்தவரை ஓரளவு நினைக்கிறது. விளக்குக்கு நெய்யூற்றியவரை எளிதில் மறந்துவிடுகிறது. இவர்களுள் ஒருவர் கை நெகிழ்ந்திருந்தாலும் அந்த மாலைப்பொழுது நமக்கு இல்லை.

நம் வட்டம் பத்தாண்டைக் கடந்து நிற்கும் இவ்வேளையில், மேடையில் பாடிய கவிஞர்களின் பெயர்கள் இம்மலரில் இடம்பெறும். அவற்றோடு, இடம் தந்தவர், அழைப்பிதழ் அச்சிட்ட செலவை ஏற்றவர், நாற்காலி அடுக்கியவர், மழையிலும் வந்தமர்ந்து கேட்டவர் ஆகியோரின் பெயர்களையும் எழுதி வைப்போம். புறநானூற்றின் தொகுப்பாளர்க்கு நாம் செய்ய இயலாமற்போன நன்றியை, நம்மோடு வாழ்வோர்க்கேனும் செய்தல் நம் கடன்.