ரோமாபுரிக்கு நீட்டிய கை

விடுதலைப் போரின் வெற்றியோடு அதன் வரலாறும் நிறைவுபெற்றதாக நாம் எண்ணிக்கொள்கிறோம். பத்திரிகைப் பணி எனக்குக் கற்பித்தது வேறு. வெற்றிச் செய்தி முதற்பக்கத்தில் வெளிவந்த மறுநாளே சோதனை தொடங்குகிறது. யூதரின் ஹஸ்மோனியக் குரு வம்சத்தின் கதையைப் படிக்குந்தோறும் இவ்வெண்ணமே என்னுள் மேலோங்கும்.

கி.மு. 167இல் செலூக்கிய மன்னன் நான்காம் அந்தியோக்கஸ் யூத சமயத்தைத் தடைசெய்தான். விருத்தசேதனமும் ஓய்வுநாள் அனுட்டானமும் மரணதண்டனைக்குரிய குற்றங்களாயின. ஜெருசலேம் ஆலயத்தில் கிரேக்கத் தெய்வ வழிபாடு புகுந்தது. மோதெயின் என்னும் சிற்றூரில், மன்னனின் ஆணைக்குப் பணிந்து பலியிட வந்த யூதன் ஒருவனையும், உடனிருந்த அரச அதிகாரியையும் மத்தத்தியா என்ற குரு கொன்றார். தம் ஐந்து புதல்வருடன் மலைகளுக்குச் சென்றார். அவர்களுள் யூதா மக்கபே, கி.மு. 164இல் ஆலயத்தை மீட்டுத் தூய்மைப்படுத்தினார். யூதர் இன்றும் கொண்டாடும் ஹனுக்கா விளக்குத் திருவிழா அதன் நினைவே.

அந்த யூதாதான் கி.மு. 161 அளவில் ரோமாபுரிக்குத் தூதனுப்பி நட்புடன்படிக்கை செய்தார். உடன்படிக்கை கிடைத்தது, படை வரவில்லை. அடுத்த ஆண்டே அவர் களத்தில் வீழ்ந்தார். சகோதரர் ஐவரில் ஒருவரும் இயற்கை மரணம் எய்தவில்லை. நாட்டுக்குத் திறைவிலக்குப் பெற்றுத் தந்த சீமோனை, கி.மு. 134இல் விருந்தொன்றில் கொன்றவன் அந்நியன் அல்லன். அவருடைய சொந்த மருமகன்.

அதன் பின்னர் ஒடுக்கப்பட்டோரின் பிள்ளைகள் ஒடுக்குவோராயினர். சீமோனின் மகன் யோவான் ஹிர்கானஸ், வென்ற இதுமேயரை யூத சமயத்துக்குக் கட்டாயமாக மாற்றினான். அவன் மகன் அலெக்சாந்தர் யன்னேயஸ், தன்னை எதிர்த்த யூதர் ஏறத்தாழ 800 பேரைச் சிலுவையில் அறைந்தான் என யோசேப்பஸ் எழுதுகிறார்.

இறுதியில் யன்னேயஸின் புதல்வர் இருவர் அரியணைக்காக மோதினர். இருவருமே ரோமத் தளபதி பொம்பேயிடம் நீதி கேட்டுச் சென்றனர். கி.மு. 63இல் ஒரு தரப்பினர் நகர வாயிலைத் திறந்துவிட, மறுதரப்பினர் ஆலயத்துள் அரண் செய்து எதிர்த்தனர். ஆலயத்தைக் கைப்பற்றிய பொம்பே, தலைமைக் குருவன்றி எவரும் நுழையாத கருவறைக்குள் நடந்து சென்றான். கி.மு. 37இல் ரோமரின் துணையோடு ஜெருசலேமைக் கைப்பற்றி அரசாண்ட ஏரோது, கட்டாயமாக மதம் மாற்றப்பட்ட அதே இதுமேயர் வழிவந்தவன்.

மத்தத்தியா எந்த ஆலயத்துக்காக வாளெடுத்தாரோ, அதன் கருவறைக்கு அந்நியனை அழைத்து வந்தது அவருடைய எள்ளுப்பேரர்களின் பகையே. அந்தியோக்கஸை வென்றவர்களால் தம் வீட்டுப் பகையை வெல்ல முடியவில்லை.