காசு வைக்காத சீட்டு

எங்கள் வீட்டில் சீட்டுக்கட்டு என்றாலே சூதுதான். சாவு வீடுகளில் விடிய விடிய ஆடுபவர்களைப் பார்த்து வளர்ந்தவர் அம்மா. நான் ஒரு கட்டு வாங்கி வந்த அன்று, "இது குடும்பத்தையே தின்னுடும்டா" என்றார். யாரோடும் ஆடப்போவதில்லை, சும்மா கையில் வெட்டிச் சுழற்றப் பழகப்போகிறேன் என்றேன். "ஆடாத சீட்டு எதுக்கு?"

அந்தக் கேள்விக்கு ஒரு வரலாறு உண்டு. 1902இல் சிகாகோவில் எஸ். டபிள்யூ. எர்ட்னேஸ் என்ற பெயரில் 'தி எக்ஸ்பர்ட் அட் தி கார்ட் டேபிள்' வெளிவந்தது. எழுதியவர் யார் என்பது இன்றுவரை உறுதியாகவில்லை. பொய்யாகக் கலைப்பது, கட்டின் அடியிலிருந்து சீட்டுப் போடுவது எல்லாம் அதில் பாடம். வித்தை கண்ணில் பட்டுவிட்டால் வித்தைக்காரன் தோற்றான். சூதாடிக்கும் மாயவித்தைக்காரருக்கும் அதுதான் விதி. ஒற்றைக் கையால் கட்டை வெட்டும் 'சார்லியே கட்' 19ஆம் நூற்றாண்டிலேயே இருந்தது. ஆனால் கைத்திறன் ஏதோ ஒன்றுக்கு வேலைக்காரனாகவே இருந்தது.

1992இல் கிறிஸ் கென்னர் தன் புத்தகத்தில் 'சிபில்' என்ற வெட்டை விளக்கினார். கட்டு இரண்டு கைகளுக்கு நடுவே ஐந்து துண்டுகளாகப் பிரிந்து நிற்கும். 2004இல் டான், டேவ் பக் என்ற அமெரிக்க இரட்டையர் 'தி சிஸ்டம்' என்ற டிவிடியை வெளியிட்டார்கள். மறைக்க ஒன்றுமில்லை, அசைவே போதும் என்று இளைஞர்கள் கிளம்பினார்கள். கார்டும் ஆர்ட்டிஸ்ட்ரியும் சேர்ந்து 'கார்டிஸ்ட்ரி' ஆனது. பிறகு நம்ம பக்கத்திலிருந்தும் ஒரு குழு எழுந்தது. சிங்கப்பூரின் 'தி வர்ட்ஸ்' 2012இல் 'வர்ச்சுவோசோ' என்ற கட்டைக் கொண்டுவந்தது. சூதுக்கோ மாயத்துக்கோ அல்ல, சுழலும்போது அழகாகத் தெரிவதற்கென்றே வரைந்த சீட்டுகள் அவை.

தொடங்குகிறவருக்கு அவ்வளவு விலையெல்லாம் தேவையில்லை. 1885 முதல் வரும் 'பைசிக்கிள்' கட்டே போதும். காகிதச் சீட்டாக இருக்கட்டும். முழு பிளாஸ்டிக் சீட்டு வழுக்கிக்கொண்டு ஓடும், துண்டாகப் பிடித்தால் நிற்காது. அகலம் 63 மில்லிமீட்டர் உள்ள போக்கர் அளவு வாங்குங்கள். பிரிட்ஜ் அளவு குறுகலானது. சீட்டின் மேல் சின்னச் சின்னக் குழிகள் இருக்கும். அவற்றில் தங்கும் காற்றில்தான் சீட்டுகள் சீராக நழுவும். நம் ஊர்ப் புழுக்கத்தில் காகிதம் ஈரத்தை இழுத்து உப்பிவிடும், வியர்வைக் கை பட்டால் ஒட்டிக்கொள்ளும். கையைத் துடைத்துவிட்டு எடுங்கள், முடிந்ததும் பெட்டியில் போட்டு மூடுங்கள்.

முதலில் சார்லியே. இடக்கை, வலக்கை இரண்டிலும் பழகிய பிறகு சிபில். கட்டில் மேல் உட்கார்ந்து பழகுவது நல்லது. விழும் சீட்டைப் பொறுக்கியே முதுகு போய்விடும். எனக்கு சார்லியே கைவர மூன்று வாரம் ஆனது.

அன்று அம்மா சமையலறை வாசலில் நின்று பார்த்தார். கட்டு ஒரு கையில் பிளந்து, திரும்பி, மூடிக்கொண்டது.

"இதுல காசு வருமா?"

"வராதும்மா."

கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். கவிதை எழுதுகிறேன் என்று சொன்னபோதும் இதையேதான் கேட்டிருந்தார்.

"இன்னொரு தடவ செய்," என்றார்.