வால்நட் இருக்க மேப்பிள் ஏன்?

பதினெட்டாம் நூற்றாண்டில் ஜெர்மனியிலிருந்தும் சுவிட்சர்லாந்திலிருந்தும் பென்சில்வேனியாவுக்குக் குடியேறிய துப்பாக்கிக் கொல்லர்கள், 'யேகர்' என்ற வேட்டைத் துப்பாக்கி செய்யும் கைப்பழக்கத்தையும் கூடவே கொண்டுவந்தார்கள். தடித்த, குட்டையான குழல். அதைத் தாங்க வால்நட் மரத்தில் செதுக்கிய கட்டை. நல்ல துப்பாக்கிக்கு வால்நட் என்பது ஐரோப்பாவில் தலைமுறைகளாக ஊறிப்போன வழக்கம்.

போய் இறங்கிய இடத்திலும் வால்நட்டுக்குப் பஞ்சமில்லை. கிழக்கு அமெரிக்கக் காடுகளில் கறுப்பு வால்நட் தாராளமாக வளர்ந்து நின்றது. ஆனால் லங்காஸ்டர், ரெடிங், நாசரேத் வட்டாரப் பட்டறைகளில் உருவான நீள் ரைஃபிள்களில் பெரும்பாலானவை மேப்பிள் கட்டையோடுதான் வெளிவந்தன. பழகிய மரம் கையெட்டும் தூரத்தில் இருக்க, அந்தக் கொல்லர்கள் ஏன் மேப்பிளுக்கு மாறினார்கள்?

முதல் காரணம், துப்பாக்கியின் உடலே மாறிவிட்டது. யேகரின் குழல் சுமார் 30 அங்குலம். பென்சில்வேனிய ரைஃபிளில் அது 42 அங்குலத்தைத் தாண்டி நீண்டது. காட்டோரக் குடியிருப்புகளில் ஈயத்துக்கும் வெடிமருந்துக்கும் தட்டுப்பாடு என்பதால் குழலின் துவாரம் சிறுத்தது. கட்டையோ குழலின் வாய்வரை ஒரே மரத்தில் ஓடியது. முன்பகுதியில் குழலை அணைத்து நிற்கும் மரச்சுவர் சில இடங்களில் மூன்று மில்லிமீட்டர்கூட இராது. அவ்வளவு மெல்லியதாக இழைத்தாலும் விளிம்பு உதிராமல் நிற்க, நெருக்கமான நாரும் நுண்ணிய துளைகளும் உள்ள மரம் வேண்டும். கறுப்பு வால்நட்டின் துளைகள் பெரியவை. சர்க்கரை மேப்பிள் கெட்டியானது. உளி போட்ட கோடு கூர்மை குறையாமல் அப்படியே நிற்கும்.

1718-ல் ஜெர்மனியின் ஸெல்லாவில் பிறந்த ஆந்த்ரியாஸ் ஆல்பிரெக்ட் என்ற துப்பாக்கிக் கொல்லர், மொரேவிய கிறிஸ்தவச் சமூகத்தோடு 1750-ல் பென்சில்வேனியா வந்தவர். அந்தச் சமூகம் நாசரேத் அருகே கிறிஸ்டியன்ஸ் ஸ்பிரிங்கில் 1763-ல் துப்பாக்கிப் பட்டறை கட்டியது. ஐரோப்பிய மரபில் தேர்ந்த இத்தகைய கைகளுக்குச் செதுக்குவேலை தாங்கும் மரம் எவ்வளவு முக்கியம் என்று சொல்ல வேண்டியதில்லை. அந்த வட்டாரத்து ரைஃபிள் கட்டைகளில் கன்னம் பதியும் இடத்துக்குப் பின்னால் புடைத்து நிற்கும் இலைக்கொடி வேலைப்பாட்டைப் பார்த்தாலே விளங்கும்.

இன்னொரு காரணம், அழகு. சில மேப்பிள் மரங்களில் நார் நேராக ஓடாமல் அலையலையாக வளர்கிறது. அறுத்து இழைத்தால் குறுக்கே புலிவரி தெரியும். வயலினின் முதுகுப்பலகைக்குத் தேடிப் பிடிக்கும் அதே வரிதான். வெளிறிய மரம் என்பதால் சும்மா விட்டால் வரி எடுப்பாகத் தெரியாது. அதற்குக் கொல்லர்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள். நைட்ரிக் அமிலத்தில் இரும்புத்தூளைக் கரைத்து மரத்தின் மேல் பூசினார்கள். பூசியதும் மரம் பார்க்கச் சகிக்காத பச்சை கலந்த சாம்பல் நிறமாகிவிடும். பழுக்கக் காய்ச்சிய இரும்பை மேற்பரப்பில் படாமல் நெருக்கிக் காட்டியதும், கண்ணெதிரே அது செம்பழுப்பாக மாறும். நார் முனைகள் வெளியே திரும்பும் இடங்களில் சாயம் அதிகம் இறங்கி, வரிகள் எழுந்து நிற்கும். அதன்மேல் காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய். வரியே இல்லாத மரத்தில் செயற்கையாக வரி தீட்டியவர்களும் இருந்தார்கள். அந்த அளவுக்கு அதன்மேல் மக்களுக்கு மோகம்.

அழகில் மயங்கினாலும் பலத்தை அவர்கள் மறக்கவில்லை. கட்டை முறிவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான்: சுடும் பொறியான பூட்டுக்குப் பின்னால், கை பிடிக்கும் ஒடுங்கிய கழுத்தில். அங்கே நார் குறுக்கே வெட்டிப்போனால் துப்பாக்கி ஒருமுறை கீழே விழுந்தாலே போதும், இரண்டு துண்டாகிவிடும். அதனால் பலகையின் மேல் வடிவத்தை வரையும்போதே, கழுத்தின் சரிவோடு நாரும் சேர்ந்து சரியும்படி இடம் பார்த்தார்கள். அடிமரத்தில் வேர் விரியும் பக்கம் நார் தானாகவே வளையும் என்பதால் அந்தப் பகுதிக்குத் தனி மதிப்பு. அறுத்த பலகையை, ஓர் அங்குலக் கனத்துக்கு ஓர் ஆண்டு என்ற கணக்கில் நிழலில் உலர விடுவது மரவேலைக்காரர்களின் பழைய வழக்கம். ஈரம் காயாத மரத்தில் குழலைப் பதித்தால் பின்னால் கட்டை முறுக்கிக்கொண்டு குழலையே தள்ளும்.

அமெரிக்க அரசாங்கம் வேறு வழியில் போனது. அதன் ஸ்பிரிங்ஃபீல்டு ஆயுதசாலை வால்நட்டையே பிடித்துக்கொண்டது. இரும்பு மாதிரிக்கட்டையைத் தடவிப் பார்த்து அதே வடிவத்தை மரத்தில் கடையும் எந்திரத்துக்குத் தாமஸ் பிளான்சர்டு 1819-ல் காப்புரிமை பெற்றார். ஆயிரக்கணக்கில் ஒரே அச்சாக வேண்டிய இடத்தில் புலிவரிக்கு வேலை இல்லை. முதல் உலகப் போர்க் காலத்தில் வால்நட் தேவை எவ்வளவு முற்றியதென்றால், நாடெங்கும் நிற்கும் மரங்களைத் தேடிக் கணக்கெடுக்கும் பணியில் சாரணச் சிறுவர்கள் இறக்கப்பட்டார்கள்.

மேப்பிள் மரபு முழுக்க அழிந்துவிடவில்லை. வர்ஜீனியாவின் வில்லியம்ஸ்பர்கில் வாலஸ் கஸ்லர் என்ற கொல்லர், குழலை உலையில் அடித்து எடுப்பதிலிருந்து கட்டையைச் செதுக்குவதுவரை பழைய கருவிகளாலேயே ஒரு ரைஃபிளை முழுமையாகச் செய்து காட்டினார். 1969-ல் வெளிவந்த ஆவணப்படம் ஒன்றில் அதைக் காணலாம். அதன்பின் வீட்டுப் பட்டறையில் கட்டை செதுக்கக் கிளம்பியவர்கள் பலர். முதல் கட்டைக்கு மரம் வாங்கப் போகும் எவருக்கும் கண் முதலில் புலிவரியின் மேல்தான் விழும். ஆனால் அலையும் நாரில் உளி ஒரு வரியில் வழுக்கி, அடுத்த வரியில் சில்லாகப் பிய்த்துக்கொண்டு போகும். அதனால்தான் அனுபவசாலிகள் முதல் தடவைக்கு நேர்நார் ஓடும் சாதா மேப்பிளையோ வால்நட்டையோ எடுக்கச் சொல்கிறார்கள். அப்படிச் செய்வதில் மரபுக்குக் குறைவொன்றும் இல்லை. அருங்காட்சியகக் கண்ணாடிக்குள் இருப்பவை பெரும்பாலும் வரி மின்னும் கட்டைகள்தான். ஆனால் காட்டில் மானுக்கும் கரடிக்கும் பின்னால் அலைந்த ரைஃபிள்களில் வரியே இல்லாத வெற்று மரத்தில் செய்தவையும் ஏராளம்.