இருதயத்தின் வாயில்: ஒரு சத்திர வைத்திய வரலாறு

யாழ்ப்பாணப் பட்டினத்திலிருந்து காரைநகர் நோக்கிச் செல்லும் வீதியில், மானிப்பாயைக் கடந்ததும் வருவது சண்டிலிப்பாய். சீரணி நாகபூஷணி அம்மன் கோயிலாற் பெயர்பெற்ற இவ்வூரிலே, நோயென்று ஒருவர் படுத்தால் பரம்பரைப் பரியாரியாரை அழைப்பதா, மானிப்பாயிலிருக்கும் அமெரிக்க வைத்தியரிடம் கொண்டுசெல்வதா என்று உற்றாரும் உறவினரும் கூடி ஆலோசிக்கும் நிலை பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் உண்டாயிற்று.

அவ்வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் என்பவர். 1822இல் மசச்சூசெற்ஸ் மாநிலத்திற் பிறந்து, 1847இல் இலங்கை வந்து, அடுத்த ஆண்டிலேயே மானிப்பாயில் வைத்தியப் பணி தொடங்கினார். எடின்பரோவில் சிம்சன் என்பார் குளோரபோம் என்னும் மயக்கமருந்தை உலகுக்கு அறிவித்ததும் அதே 1847இல்தான். ஆகவே கிறீன் வந்த காலம், கத்தி என்றாலே நடுங்கிய மக்களுக்குச் சத்திர வைத்தியம் சிறிது பொறுக்கத்தக்கதாய் மாறத் தொடங்கிய காலம். எனினும் அவருடைய பெருஞ்செயல் கத்தியினாற் செய்தது அன்று. மேனாட்டு வைத்தியத்தை அவர் தமிழிலேயே கற்பித்தார். 1867இல் ‘இரண வைத்தியம்’ என்னும் சத்திர வைத்திய நூலைத் தமிழில் வெளிப்படுத்தினார். அறுக்கப்போகிறவன் என்ன செய்யப்போகிறான் என்பதை அறுக்கப்படுகிறவன் தன் மொழியிற் கேட்டறிய அது வழிசெய்தது. 1873இல் தாயகம் திரும்பிய கிறீன் 1884இற் காலமானார்.

கட்டியையும் புண்ணையும் அறுத்த அக்காலத்துச் சத்திர வைத்தியர் எவரும் இருதயத்தின் உட்புறத்தைத் தொடத் துணிந்தாரல்லர். இருதயத்துள் நான்கு வால்வுகள் உள. இரத்தத்தை முன்னே செல்லவிட்டுப் பின்னே வராது தடுப்பது அவற்றின் தொழில். தொண்டைநோவாகத் தொடங்கும் ஒருவகைக் கிருமித் தொற்றின் பின், சில சிறுவருக்கு மூட்டுவாதக் காய்ச்சல் வருவதுண்டு. மூட்டுவலி சில கிழமைகளிற் போய்விடும். இருதய வால்வில் உண்டான தழும்போ போகாது. ஆண்டுகள் பல கழிந்தபின், இடப்பக்க மேலறைக்கும் கீழறைக்கும் இடையேயுள்ள மைற்றல் வால்வின் இதழ்கள் ஒட்டி வாயில் குறுகிவிடும். கிணற்றடியிலிருந்து ஒரு குடம் தண்ணீர் கொணர்வதற்குள் மூச்சிரைக்கும் இளம்பெண்ணைப் பிள்ளைப்பேற்றுக் காலத்திலேதான் பெரும்பாலும் இந்நோய் வெளிப்படையாய் வருத்தும்.

ஒட்டிய இதழ்களைப் பிரிக்க 1923இல் பொஸ்டன் நகரில் எலியட் கட்லர் முயன்றார். முதல் நோயாளியாகிய பன்னிரண்டு வயதுச் சிறுமி பிழைத்தாள். பின்வந்தவருட் பெரும்பாலார் இறக்கவே, அவர் அம்முயற்சியைக் கைவிட்டார். 1925இல் இலண்டனில் ஹென்றி சூட்டர், பதினைந்து வயதுச் சிறுமியொருத்தியின் இருதயத்தினுள் தம் சுட்டுவிரலைச் செலுத்தி வால்வைத் தொட்டறிந்தார். கத்தியை எடாது விரலாலேயே வாயிலை அகலச் செய்தார். சிறுமி தேறினாள். ஆயின் அவரிடம் வேறொரு நோயாளியும் அனுப்பப்படவில்லை. கோளாறு தசையிலேயே உள்ளது, வால்வில் அன்று என்பது அக்காலத்து மருந்துவைத்தியரின் கொள்கை. அக்கொள்கை சூட்டரின் கையைக் கட்டிவைத்தது. நோயாளிக்கு வழி உண்டா என்பதை நோயாளியே தீர்மானித்திலர். அனுப்புகின்ற வைத்தியரே தீர்மானித்தனர். அதன் விலை இருபதாண்டுக்கு மேற்பட்ட தாமதம்.

1945 முதல் பிலடெல்பியாவின் சார்ள்ஸ் பெய்லி அவ்வாயிலை மீண்டும் தட்டினார். அவர்பால் முதலில் வந்த நோயாளர் நால்வரும் இறந்தனர். நான்காமவர் இறந்தது 1948 யூன் 10ஆந் திகதி. அன்றே, செய்தி பரவித் தடை வருமுன், வேறொரு வைத்தியசாலைக்கு விரைந்து ஐந்தாவது நோயாளிக்குச் சத்திரசிகிச்சை செய்தார். இருபத்துநான்கு வயதுடைய அப்பெண் பிழைத்தாள். இத்தகைய சிகிச்சைகள் எத்தனை செய்தீர், முடிவு யாது என்று வினவுதல் இன்று நோயாளியின் உரிமை. அன்று அப்பெண் வினவியிருந்தால், உண்மையான விடை நான்கு மரணம் என்பதே. பெய்லியை வீரர் என்பதா, கடுந்துணிவினர் என்பதா? இரண்டும் பொருந்தும் போலும். அதே ஆண்டில் பொஸ்டனில் ஹார்க்கனும் இலண்டனில் புறொக்கும் வெற்றி கண்டமையால், அவர் வழி தவறான வழியன்று என்பது உறுதியாயிற்று. ஏறத்தாழ அக்காலத்திலேயே வேலூர்க் கிறிஸ்தவ வைத்தியக் கல்லூரிக்கு வந்த அமெரிக்கரான றீவ் பெற்ஸ், இந்தியாவில் நெஞ்சறைச் சத்திர வைத்தியத்துக்கு அடிகோலினார்.

1953இல் கிப்பனின் இருதய-நுரையீரற் பொறி வந்தது. 1960இல் ஒறகனில் ஸ்டாரும் எட்வேட்சும் கூட்டினுள் அசையும் பந்து வடிவான செயற்கை வால்வைப் பொருத்தினர். 1984இல் யப்பானிய வைத்தியர் இனூவே, தொடைக் குழாய்வழியே பலூனைச் செலுத்தி வால்வைத் திறக்கும் முறையை அறிவித்தார். நெஞ்சைப் பிளவாத அம்முறை இதழ்கள் இளகியிருந்தால் உதவும். சுண்ணம் படிந்து இறுகினாலோ, மேலறையில் இரத்தக்கட்டி இருந்தாலோ, ஒழுக்கு மிகுந்தாலோ உதவாது.

மாற்று வால்வு வைக்கும்போது தேர்வு கடினமாகிறது. உலோக வால்வு நெடுங்காலம் உழைக்கும். ஆயின் இரத்தம் உறையாதிருக்க வாழ்நாள் முழுதும் வாவரின் குளிசை விழுங்கவேண்டும். பன்றி, மாடு ஆகியவற்றின் இழையாலான வால்வுக்கு அவ்வளவு கட்டுப்பாடு இல்லை. இளையோரில் அது விரைவிற் சிதையுமாதலின் இரண்டாம் சத்திரசிகிச்சையை எதிர்பார்க்கவேண்டும். பிள்ளை பெற விரும்பும் பெண்ணுக்கு வாவரின் சிசுவைப் பாதிக்கக்கூடியது. ஆகவே கைதேர்ந்த சத்திர வைத்தியர் முதலில், இருக்கும் வால்வையே செப்பனிட இயலுமா என்று பார்ப்பார்.

விலையும் ஒரு தடையே. இதனை எண்ணித் திருவனந்தபுரத்தில் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்திலே வலியத்தான் என்பாரின் குழுவினர் வால்வொன்றைத் தாமே ஆக்க முனைந்தனர். முதல் மூன்று வடிவங்களும் பிழைத்துப்போயின. நான்காவது, 1990 டிசெம்பரில் முதன்முறையாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது.

வீடு திரும்பியபின்னும் ஒரு பணி எஞ்சும். வாவரின் உண்பவர் குறித்த காலத்துக்கு ஒருமுறை இரத்தப் பரிசோதனை செய்யவேண்டும். யாழ்ப்பாணத்து வேலியோரத்து முருங்கையிலையும் கீரைகளும் அம்மருந்தின் வலியைக் குறைக்கும் தன்மையன. அவற்றை அடியோடு விலக்கவேண்டுவதில்லை. ஒரு கிழமை மிகுதியாகவும் மறுகிழமை ஒன்றுமில்லாமலும் உண்ணாது, அளவு மாறாமல் உண்ணும்படியே வைத்தியர் கூறுவர்.